மூஞ்சிக்கல் டைப்பிங் கடையில் எழுதிய ஒரு மேல்முறையீடு

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் மெயின் ரோட்டை விட்டுச் சில படி கீழே இறங்கினால் ஒரு ஜாப் டைப்பிங் கடை இருக்கிறது. 'டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்' என்று பாதி துருப்பிடித்த தகரப் பலகை. கடைக்கென்று பெயர் ஒன்றும் கிடையாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ரிட்டயர் ஆனவர். தன் பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "இருக்கிற கூட்டமே போதும் தம்பி." பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், இதற்கெல்லாம் மனு எழுதத்தான் ஊர் ஜனங்கள் அங்கே போகிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளுக்கும் அவர் மேல்முறையீடு எழுதித் தருகிறார் என்பது மலையிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

நான் மன்னவனூர்க்காரன். பிக்கப் ஓட்டுகிறேன். கேரட், உருளை என்றால் வத்தலக்குண்டு, பூண்டு என்றால் வடுகபட்டி. என் தங்கை கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப்போவதில்லை, அவள் சான்றிதழ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடைசி செமஸ்டர் ஆய்வேட்டுக்கு நம் ஊர்ப் பூண்டையே எடுத்துக்கொண்டாள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்குப் பிறகு விவசாயி கையில் காசாக என்ன வந்தது என்பதுதான் கேள்வி. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கேள்வித்தாள் நிரப்பினாள். பல வீட்டுக்கு என் வண்டியில்தான் போனோம். அந்த ஆய்வேட்டைத்தான் திருட்டு என்று சொல்லி உத்தரவு வந்தது.

உத்தரவு ஒரே பக்கம். மற்றவர்கள் எழுத்தோடு ஒப்புமை 43 சதவீதம், ஆகவே ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதியில்லை, 15 நாளுக்குள் பதிவாளருக்கு முறையிடலாம், துறைத்தலைவர் கையெழுத்து. அவ்வளவுதான். எந்தப் பக்கத்தில் என்ன ஒத்துப்போகிறது, எதிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி இல்லை. கூட இணைத்திருந்த சாஃப்ட்வேர் ரிப்போர்ட்டிலும் முதல் தாள் மட்டும்தான். பெரிய எழுத்தில் அந்த 43.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் வேறு இரண்டு கதவைத் தட்டினோம். மதுரையில் ஒரு கன்சல்டன்சியில் 25 ஆயிரம் கேட்டார்கள். சதவீதத்தைப் பத்துக்குக் கீழே இறக்கித் தருவோம் என்றார்கள். எப்படி என்று கேட்டால், வாக்கியத்தில் வார்த்தையை மாற்றிப் போட்டு சாஃப்ட்வேர் கண்ணில் மண்ணைத் தூவுவது. "வந்திருக்கிற உத்தரவுக்கு என்ன பதில் எழுதுவீங்க?" என்று தங்கை கேட்டாள். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வக்கீல், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போட்டுவிடலாம் என்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஃபீஸைக் கேட்டதும் அம்மா எழுந்துவிட்டாள். பின்னால் டைப்பிங் ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "ரிட் போடலாம், யார் வேண்டாம்னா? பல்கலைக்கழகத்துக்குள்ளயே முறையிட வழி இருக்கே, அதுல போனியான்னுதான் ஜட்ஜ் முதல்ல கேப்பாரு. போகலைன்னா திரும்ப இங்கதான் வரணும்."

இனி கடை. உள்ளே நுழைந்ததும் தங்கை உத்தரவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"கவர் எங்க பாப்பா?"

கவரை யார் வைத்திருப்பார்கள்? நல்லவேளை அம்மா எதையும் எறிகிறவள் இல்லை, ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் மடித்து வைத்திருந்தாள். மறுபடி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி, கவரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தபால் முத்திரையைப் பார்த்தார். உத்தரவில் போட்டிருந்த தேதிக்கும் எங்கள் ஊர் முத்திரைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி. "கெடு, தாள்ல இருக்கிற தேதியிலிருந்து ஓடாது. உன் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓடும்" என்று சொல்லிக் கவரின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இணைப்பு 1 என்று எழுதினார். மன்னவனூருக்குக் கொடைக்கானலில் இருந்தே 35 கிலோமீட்டர், தபால் எப்போது வரும் என்று ஊரில் யாருக்கும் நிச்சயம் கிடையாது. கவர் மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால் காலம் கடந்த மனு என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

அடுத்தது நாங்கள் எழுதிக்கொண்டு போன கடிதம். நானும் தங்கையும் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியது, நாலு பக்கம். அப்பா இல்லாத குடும்பம், முதல் தலைமுறைப் பட்டதாரி, பூண்டு விலை விழுந்த வருஷம், அம்மாவுக்கு சர்க்கரை எல்லாம் இருந்தது. பொறுமையாக முழுசும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் உண்மைதான் தம்பி. படிச்சா கண்ணு கலங்குது. ஆனா உத்தரவு எங்க தப்புன்னு இதுல ஒரு வரி இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. எங்களை அவமதிக்கிறார் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் வேலை செய்கிற விதமே அதுதான். எங்கள் கஷ்டத்தைச் சொன்னால் அது கருணை மனு. படித்துவிட்டு, பாவம் என்று சொல்லி ஓரமாக வைத்துவிடலாம். உத்தரவு எந்த விதியை மீறியது என்று சொன்னால் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். குடும்ப நிலையைக் கடைசியில் ஒரே பாராவாக வைத்துக்கொண்டார், அதுவும் தண்டனையின் அளவைக் குறைக்கக் கேட்கிற இடத்தில்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியும் எங்களுக்குப் புதுசு. "இது டிசர்டேஷனா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டா?" இரண்டும் ஒன்றுதானே என்றாள் தங்கை. இல்லையாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டைத் தடுக்க ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதில் மாணவருக்கான தண்டனைப் பட்டியல் டிசர்டேஷன் என்கிற ஆய்வேட்டுக்கும் தீசிஸுக்கும்தான். அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், பரீட்சை விடைத்தாள் இதெல்லாம் அதற்குள் வராது. ஆகவே உத்தரவில் அந்த ஒழுங்குமுறையைச் சொல்லியிருந்தால், நம் தாள் அதற்குள் வருகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எங்களுடையது டிசர்டேஷன். சிலபஸில் அப்படித்தான் போட்டிருந்தது. "அப்ப அந்த விதி முழுசும் உனக்கும் உண்டு, அவங்களுக்கும் உண்டு" என்று இழுப்பறையிலிருந்து ஒரு கற்றையை எடுத்தார். அதே 2018 ஒழுங்குமுறைதான், பிரிண்ட் எடுத்து, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு. பென்ஷன் மனு எழுதுகிறவர் கடையில் இது கிடக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்.

அதில் உள்ள படிநிலையை அவர் சொன்னபடியே சொல்கிறேன், வேறு பிள்ளைகளுக்கும் உதவும். 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், குறித்த கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும், அந்தக் கெடு 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60-க்கு மேலே போனால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. என் தங்கை 43. அதாவது 40-ஐத் தாண்டிய மூன்று சதவீதத்துக்காக ஒரு வருஷம்.

"இந்த 43-ல என்னென்ன சேர்ந்திருக்குன்னு பாக்கணும்" என்றார். அதற்கு முழு ரிப்போர்ட் வேண்டும். முதல் தாள் போதாது. தங்கையின் கைடு மனசு வைத்து மொத்தத்தையும் மெயிலில் அனுப்பினார், அவருக்கு நன்றி. அன்று மத்தியானம் அந்தக் கடையில் நடந்ததுதான் இந்த ரிவ்யூவின் சாரம்.

மூன்று கலர் பென்சில் எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன டப்பாவில் இருந்து. ரிப்போர்ட்டில் சாஃப்ட்வேர் நிறம் போட்டுக் காட்டியிருந்த ஒவ்வொரு பத்தியையும் ஆய்வேட்டில் தேடி எடுத்து, அதன் ஓரத்தில் தன் பென்சிலால் கோடு போட்டார். சட்டத்தை அப்படியே எடுத்துக் காட்டிய இடம் நீலம். நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை பச்சை. மீதி சிவப்பு. மண்டியில் பூண்டைத் தரம் பிரிக்கிறவன் கைபோலத் தயங்காமல் போனது அவர் கை. தங்கை இரண்டாம் அத்தியாயத்தில் 1999-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் வரையறையை முழுசாகக் கொடுத்திருந்தாள், அதோடு 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' பதிவு பற்றிய பிரிவையும். சட்டத்தைச் சொந்த நடையில் மாற்றி எழுத முடியுமா? அந்தப் பக்கங்கள் எல்லாம் நீலத்தில் நின்றன. நூற்பட்டியல் பச்சையில் நீளமாக ஓடியது. பின்னிணைப்பாக வைத்திருந்த கேள்வித்தாள்கூட வேறெங்கோ உள்ள ஒரு கேள்வித்தாளோடு ஒத்துப்போகிறது என்று சாஃப்ட்வேர் பிடித்திருந்தது. 'தங்கள் பெயர், வயது, கல்வித்தகுதி, நிலத்தின் பரப்பு' என்று இருந்தால் ஒத்துப்போகத்தானே செய்யும்.

2018 ஒழுங்குமுறை இதற்கெல்லாம் விலக்கு தருகிறது. ஒப்புமை பார்க்கும்போது, முறையாக மேற்கோள் காட்டியவை, நூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் இவற்றைக் கழித்துவிட வேண்டும். பொது அறிவாக இருப்பதும், தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவதும் கணக்கில் வராது. எதையும் கழிக்காமல் அப்படியே ஓட்டியதில் வந்ததுதான் அந்த 43. அந்தச் சாஃப்ட்வேரிலேயே 'நூற்பட்டியலை நீக்கு', 'மேற்கோளை நீக்கு' என்று தேர்வு இருக்கிறது. யாரோ டிக் பண்ணாமல் விட்டுவிட்டார்கள்.

ஆனால் சிவப்பும் இருந்தது. முன் ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்தில், சில பக்கம். ஐயா அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பாப்பா, இது நீ எழுதினதா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பழைய தீசிஸிலிருந்து எடுத்தது, பேர் போட மறந்துவிட்டேன் என்றாள். மறந்ததா, விட்டதா என்று அவர் துருவவில்லை. "இதை மனுவுல நீயே ஒத்துக்கணும். இத்தனாம் பக்கத்துலேர்ந்து இத்தனாம் பக்கம் வரைக்கும் மூலம் காட்டாம எடுத்தேன், திருத்தித் தர்றேன்னு எழுதணும். இது கண்ணு முன்னால இருக்கு. இதை மறைச்சா நீலத்தையும் பச்சையையும் எவனும் நம்ப மாட்டான்." வெளியே வந்ததும், "அண்ணே, எல்லாரும் செய்றதுதானே, நாம எதுக்கு ஒத்துக்கணும்?" என்று கேட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. எனக்கும் அந்த நேரத்தில் ஐயா மேல் சந்தேகம்தான், இவர் யாருக்காகப் பேசுகிறார் என்று. இருந்தாலும் அவர் சொன்னபடி எழுதச் சம்மதித்தோம். மதுரை கன்சல்டன்சிக்கும் இந்தக் கடைக்கும் வித்தியாசம் எங்கே என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். அவர்கள் சிவப்பை மறைக்கக் காசு கேட்டார்கள். இவர் சிவப்பை முன்னால் வைத்துவிட்டு மீதிக்கு வாதாடினார்.

அடுத்த பாயிண்ட், உத்தரவில் யார் கையெழுத்துப் போட்டது என்பது. ஒழுங்குமுறைப்படி துறையில் ஒரு குழு, நிறுவன அளவில் இன்னொரு குழு. துறைக் குழுவில் துறைத்தலைவர் தலைவராக இருப்பார், துறைக்கு வெளியே இருந்து மூத்த பேராசிரியர் ஒருவர், இந்தச் சாஃப்ட்வேர் விஷயம் தெரிந்த ஒருவர், ஆக மூன்று பேர். தலைவரையும் சேர்த்து இரண்டு பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம். புகார் வந்த 45 நாளுக்குள் துறைக் குழு தன் பரிந்துரையை நிறுவனக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு குழுவுமே இயற்கை நீதிப்படி நடக்க வேண்டும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. எங்கள் உத்தரவில் குழு கூடியதாகவே ஒரு வார்த்தை இல்லை. தங்கையைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவும் இல்லை. ஒற்றைக் கையெழுத்து. ஐயா அந்த ஒரு பக்க உத்தரவை மேஜையில் வைத்து, அதில் இல்லாதவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கென்றால் அதுவரை அது முழு உத்தரவாகத்தான் தெரிந்தது.

மனு மூன்று பக்கம்தான் வந்தது. மேலே தேதிவாரியாக ஒரு பட்டியல்: ஆய்வேடு கொடுத்தது, உத்தரவு தேதி, கைக்கு வந்த தேதி, முழு ரிப்போர்ட் கிடைத்தது. பிறகு எண் போட்ட பாராக்கள், ஒரு பாராவுக்கு ஒரு விஷயம், ஒவ்வொன்றுக்கும் எந்த இணைப்பு என்று பக்கத்திலேயே. கடைசியில் வேண்டுகோள் இரண்டு. முதலில், உத்தரவை ரத்து செய்து, விலக்குகளைக் கழித்து மறுபடி கணக்கிட்டு, குழு முன்னால் எங்களைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அது முடியாவிட்டால், மாற்றாக, 40-க்குக் கீழ் உள்ள நிலையில் வைத்துத் திருத்த அனுமதி தர வேண்டும். இந்த 'மாற்றாக' இல்லாமல் மனு போடவே கூடாது என்கிறார். முழுசாக விடுவிக்கச் சொல்லி மட்டும் கேட்டால் அவர்களுக்கு ஆம் அல்லது இல்லை இரண்டுதான் வழி, பாதி வழியில் இறங்கி வர நாமே ஒரு படி போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆங்கிலத்தில்தான் அடித்தார். அவருடைய ஆங்கிலம் கோர்ட்டு ஆங்கிலம், தங்கைக்கே ரெண்டு இடத்தில் அகராதி தேவைப்பட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதே நாளில் மெயிலும் போடச் சொன்னார். ரிஜிஸ்டர் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டதில் அவருக்குத் தனிக் கோபம், அதைப் பற்றி ஒரு சொற்பொழிவே கேட்டோம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம், 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி. துறைக் குழு கூடியிருந்தால் அதன் கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும் என்று. பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டே, நம் கெடு 15 நாள்தானே என்று நான் கேட்டேன். "பதில் வர்றதுக்காகப் போடலை. கேட்டிருக்கேன்னு மனுவுல எழுதறதுக்காகப் போடறேன்" என்றார். கூடாத கூட்டத்துக்குக் குறிப்பு எங்கிருந்து வரும் என்பது அவருடைய கணக்கு.

பதிவாளரிடம் நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்த படி என்ன என்பதையும் அன்றே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். நிறுவனம் தன் சொந்த விதிக்கு மாறாக எடுத்த நடவடிக்கையும் அங்கே புகாராகப் போகும். அந்தக் குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தியில்லை என்றால், முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு, அவர் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர்ப்பாளர் என்றால் ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, ஓய்வு பெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ. மற்ற வழியெல்லாம் முடிந்த பிறகுதான் அவரிடம் போக முடியும். எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் தங்கையைக் கடையில் உட்கார வைத்து ஐயாவே பேராசிரியர் மாதிரி கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொரு பதிலையும் "இல்லைங்க சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று ஆரம்பித்தாள். அதை நிறுத்தச் சொன்னார். பக்க எண்ணைச் சொல்லி, மூன்று வாக்கியத்தில் முடி, கேட்காததைச் சொல்லாதே என்றார். என்னை உள்ளே போகவே கூடாது என்றார், எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பதைப் பார்த்த அன்றே கண்டுபிடித்திருக்கிறார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கீழே வெயில் மண்டையைப் பிளந்தது.

முடிவு: விலக்குகளைக் கழித்து மறுபடி ஓட்டியதில் 43 என்பது 19 ஆனது. ஓராண்டுத் தடை போனது, மூன்று மாதத்துக்குள் திருத்தித் தர உத்தரவு. திருத்திக் கொடுத்தாள், வைவாவும் முடிந்துவிட்டது. நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை, அந்தச் சிவப்புப் பக்கங்களுக்கான பதிவு அவள் ஃபைலில் இருக்கும். அது நியாயம்தான் என்று அவளே இப்போது சொல்கிறாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஒரே ஒரு ஸ்டூல், வயசானவர் யாராவது வந்தால் நாம் படியில்தான் நிற்க வேண்டும், மழையில் அந்தப் படி வழுக்கும். டைப் அடிப்பது ரொம்ப நிதானம், ஒரு பக்கத்துக்குள் நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கரண்ட் போனால் அன்றைக்குக் கடை அவ்வளவுதான், யுபிஎஸ் வாங்கக் கூடாதா என்றால் முறைப்பார். ஜிபே, போன்பே எதுவும் கிடையாது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் திறந்தே பார்ப்பதில்லை, தாளாகக் கையில் கொண்டு வர வேண்டும். எங்கள் மனுவில் பதிவு எண்ணில் ஒரு இலக்கம் மாறி விழுந்திருந்தது, தங்கை கவனித்துத் திருத்தினாள். கையெழுத்துப் போடும் முன் எண், தேதி, பேர் மூன்றையும் நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். திட்டுவார். அதற்கு ரோஷப்படுகிறவர்கள் போக வேண்டாம்.

எல்லா வழக்கையும் எடுக்கவும் மாட்டார். மார்க் குறைவு, மறுமதிப்பீடு என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார். குறிப்பிட்ட முறைகேடு எதையும் காட்டாமல் மறுமதிப்பீடு கேட்டால் குறைதீர்ப்பாளரும் எடுக்க மாட்டாராம். விடைத்தாளைப் பார்க்க வேண்டுமா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கு, 2011-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது என்பார். ராகிங் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு வக்கீலிடம் போகச் சொல்கிறார், அதில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். வரை போகும், தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் உண்டு, டைப்பிங் கடை விளையாட்டில்லை என்கிறார்.

பரீட்சை ஹாலில் பிட்டோடு பிடிபட்டது என்றால் எடுப்பார், ஆனால் அதிகம் நம்பிக்கை தர மாட்டார். நாங்கள் இருந்தபோதே பண்ணைக்காட்டிலிருந்து ஒரு பையன் அப்படி வந்தான். பாலிடெக்னிக் மாதிரி இருந்தது, சரியாகத் தெரியவில்லை. "ஹால்ல உன் கையால என்ன எழுதிக் கொடுத்த?" என்பதுதான் ஐயா கேட்ட முதல் கேள்வி. சூப்பிரண்டெண்ட் சொன்னபடி, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தானாம். "தாள் யார்கிட்டருந்து எடுத்தாங்க, பாக்கெட்லயா, டெஸ்க் மேலயா, நீ அதைப் பாத்து எழுதினியா, அந்தப் பாடத்துத் தாள்தானா, ஒண்ணும் எழுதலையா?" பையன் இல்லை என்று தலையாட்டினான். விசாரணைக் குழு முதலில் படிப்பது அந்தக் கடிதத்தைத்தான், அப்புறம் எத்தனை மனு போட்டாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும் என்றார். அவனுக்கும் ஏதோ எழுதிக் கொடுத்தார், என்ன ஆனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காசு. எங்களுக்கு டைப்பிங், ஜெராக்ஸ், மனு எழுதினது எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் வாங்கினார். ஸ்டாம்பும் தபாலும் தனி. விசாரணைக்குத் தயார் செய்ததற்குக் காசு வாங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன மலைப்பூண்டுக் கட்டை மட்டும் வாங்கிக்கொண்டார், அதையும் எடை போட்டுப் பார்த்து, "இது ஒரு கிலோவுக்கு மேல இருக்கும் போலயே" என்று கொஞ்சம் திருப்பித் தரப் பார்த்தார். அம்மா விடவில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பாடும் தூக்கமும். ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள், கடை கிடையாது. ஏப்ரல், மே மாதம் சீசன் நெரிசலில் மூஞ்சிக்கல்லில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, பஸ்ஸில் போவது உத்தமம். உத்தரவு, வந்த கவர், முழு ரிப்போர்ட், ஆய்வேட்டின் ஒரு பிரதி, சிலபஸ், கையில் சில்லறை. பையனையோ பொண்ணையோ கூடவே கூட்டிப் போங்கள், பெற்றவர்கள் மட்டும் போனால் "படிச்சவங்க வரட்டும்" என்று உட்காரச் சொல்லாமலே அனுப்பிவிடுவார்.